அஞ்சும் ஆறும் அடைபட்ட கதை

தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலை ஏழு மணிக்கு மன்னார்குடியிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கம்ப்யூட்டர் திரையை ஃபோனில் பிடித்த படம். பாதித் திரையை ட்யூப்லைட் வெளிச்சம் தின்றிருந்தது. மீதிப் பாதியில் ஆறு வரிகள். சாட்டா போர்ட் (டிஸ்க்கைச் சொருகும் முனை) 1-க்கு நேரே ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியின் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் தகவல் வைக்கும் டிஸ்க்) பெயர். அதற்குக் கீழே 2-லிருந்து 6 வரை ‘எம்ப்டி’, ‘எம்ப்டி’ என்று வரிசையாகக் காலி. படத்தின் பின்னாலேயே குரல் பதிவும் வந்தது.

“தம்பி, நேத்து புதுசா ஒரு எஸ்எஸ்டி போட்டம்ப்பா. பயாஸ்ல காட்டல. அது காட்டாட்டியும் பரவாயில்ல, இருந்த ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து முழுங்கிடுச்சு. போர்டு போயிடுச்சு, மாத்தணும்ங்கிறான் கடைத் தம்பி. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்.”

சித்தப்பா கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். அந்த ஹார்டு டிஸ்க்கில் பன்னிரண்டு வருடப் பத்திரிகைகள் இருக்கின்றன. ‘அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும், பேரை மட்டும் மாத்துங்க’ என்று வருகிறவர்களை நம்பி ஓடும் கடை. தை மாதத்தில் அந்த டிஸ்க் காணாமல் போவது, அறுவடை நேரத்தில் அரிவாள் காணாமல் போவது மாதிரி.

நீடாமங்கலத்திலிருந்து வண்டியை எடுத்தேன். எடுத்தவுடன் ரயில்வே கேட். எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால், ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். உச்சியில், வெளிச்சத்தில் பாதி கரைந்து, அந்தப் பக்கத்தின் பெயர் இருந்தது: ‘சாட்டா கான்ஃபிகரேஷன்’. புது எஸ்எஸ்டியின் உறையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். என்விஎம்இ, 500 ஜிபி.

“அந்தப் பக்கத்துல அது வராது சித்தப்பா. செத்த பொறுங்க, வர்றேன்.”

‘பயாஸ்ல காட்டல’ என்பது நம் ஊர்களில் ஒரு மரணச் செய்தி மாதிரி சொல்லப்படுகிறது. சொன்னவுடன் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். ஆனால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் போர்டின் உள்நிரல், ஒரே பக்கம் அல்ல. அதில் டிஸ்க்கைக் காட்டும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. எந்த இடத்தில் காட்டவில்லை என்பதைப் பொறுத்து அந்த வாக்கியத்தின் பொருளே மாறிவிடுகிறது. அன்றைக்கு ஒரே நாளில், ஒரே கேபினட்டில், மூன்று வேறு பொருளில் அந்த வாக்கியத்தைக் கேட்டேன்.

முதலில் பெயர்க் குழப்பம். எஸ்எஸ்டி வாங்கப் போனால் ‘எம்.2 வேணுமா, சாட்டா வேணுமா, என்விஎம்இ வேணுமா’ என்று கேட்கிறார்கள். இது ‘தஞ்சாவூருக்குப் போகணுமா, பஸ்ல போகணுமா’ என்று கேட்பது போன்ற கேள்வி. எம்.2 என்பது உருவம் மட்டும்தான். 22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. 2280 என்று போட்டிருந்தால் 22 அகலம், 80 நீளம், வேறொன்றும் இல்லை. அந்தப் பட்டைக்குள் தகவல் எந்த வழியாக ஓடுகிறது என்பது தனிச் சங்கதி: சாட்டா என்ற பழைய வழியாகவும் ஓடலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வழியாகவும் ஓடலாம். அந்த வழியில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது அதற்கும் தனி. சாட்டா வழி என்றால் ஏஹெச்சிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி என்றால் இப்போதெல்லாம் என்விஎம்இ. பயாஸ் உங்கள் எஸ்எஸ்டியின் உருவத்தைப் பார்ப்பதே இல்லை. அது வந்த வழியை மட்டும்தான் பார்க்கிறது. எம்.2 பட்டையாகவே இருந்தாலும் சாட்டா வழியாக வந்தால் சாட்டா பக்கத்தில், 2.5 அங்குலப் பெட்டி எஸ்எஸ்டிக்கும் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வந்தால் வேறு பக்கம், வேறு தலைப்பு.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 2019-இல் என் மடிக்கணினிக்கு எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். அழகாகப் பொருந்தியது, ஸ்க்ரூவும் போட்டாயிற்று. பயாஸில் எந்தப் பக்கத்திலும் இல்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன், அதுவும் இல்லை. மூன்றாவது நாள்தான் பட்டையின் ஓரத்தைப் பார்த்தேன்: இரண்டு வெட்டு. சாட்டா எம்.2 பட்டைகளுக்கு வழக்கமாக இரண்டு வெட்டு இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடத்தில் ஓடும் என்விஎம்இ பட்டைகளுக்கு ஒரு வெட்டு. இரண்டு வெட்டுள்ளது ஒரு வெட்டுக்கான துளையிலும் இடிக்காமல் உள்ளே போய்விடும் என்பதுதான் விபரீதம். என் மடிக்கணினியின் துளைக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பிகள் மட்டும்தான் இருந்தன, சாட்டா கம்பியே இல்லை. பட்டையும் நல்லது, துளையும் நல்லது, இரண்டும் பேசிக்கொள்ள ஒரு சொல் இல்லை. (வெட்டை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். இரண்டு வெட்டோடு வரும் என்விஎம்இயும் சில உண்டு. உறையில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் உத்தமம்.)

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா கேபினட் மூடியைக் கழற்றி வைத்து, பக்கத்தில் டீ டம்ளரோடு, பிணத்துக்குக் காவல் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆன் செய்து டெலீட் பொத்தானை அமுக்கினேன். அட்வான்ஸ்டு பக்கத்துக்குள் போய், சாட்டா கான்ஃபிகரேஷனுக்குப் போகாமல் இன்னும் நாலு வரி கீழே இறங்கினேன். ‘என்விஎம்இ கான்ஃபிகரேஷன்’. என்டர். புது எஸ்எஸ்டி மாடல் எண், கொள்ளளவு எல்லாவற்றோடும் அங்கே நின்றது.

“அட, இங்க இருக்கானா!” என்றார் சித்தப்பா. இரவு முழுக்கத் தேடிய பையன் பக்கத்து வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தது போல.

“இவன் இங்கதான் சித்தப்பா இருப்பான். அந்த ஆறு வரியில வரவே மாட்டான்.”

ஏன் இரண்டு பக்கம்? இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாட்டாவில் டிஸ்க்குகளை மேய்க்கும் கட்டுப்படுத்தி மதர்போர்டிலேயே, அதன் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்பான சிப்செட்டுக்குள் இருக்கிறது. அதற்கு இத்தனை கதவு என்று பிறப்பிலேயே கணக்கு. சித்தப்பாவின் போர்டில் ஆறு. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு இருக்கிறது, எண் இருக்கிறது. அதனால்தான் பயாஸால் ‘போர்ட் 4, எம்ப்டி’ என்று சொல்ல முடிகிறது. வாடகைக்கு விடாத வீட்டுக்கும் கதவு எண் இருக்குமே, அது மாதிரி. என்விஎம்இயில் அந்தக் கட்டுப்படுத்தி எஸ்எஸ்டியின் மீதே இருக்கிறது. பட்டையைச் சொருகினால் கட்டுப்படுத்தியும் சேர்ந்து வருகிறது, கழற்றினால் அதுவும் போய்விடுகிறது. சந்தைக் கடை மாதிரி. கடைக்காரர் வரும்போது கடையும் வரும், போகும்போது வெறும் திடல். அதனால் அந்தப் பக்கத்தில் காலி வரிகள் கிடையாது. இருந்தால் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் ‘என்விஎம்இ சாதனம் எதுவும் இல்லை’ என்று ஒரே வரி.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் வயது வித்தியாசமும் உண்டு. ஏஹெச்சிஐ 2004-ஐச் சேர்ந்தது, சுழலும் தட்டுக்காக எழுதிய இலக்கணம். ஒரே வரிசை, அதில் ஒரு நேரத்தில் 32 கட்டளைகள். தட்டு சுற்றி வருவதற்குள் அடுத்தது காத்திருக்கலாம் என்ற நிதானம் அதில் இருக்கிறது. என்விஎம்இயின் முதல் பதிப்பு 2011-இல் வந்தது. சுழலுவதற்கு ஒன்றும் இல்லாத காலத்து இலக்கணம். வரிசைகளே 65,535 வரை, ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஏட்டில் இடம் விட்டிருக்கிறார்கள். வேகமும் அப்படித்தான். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் முட்டி நின்றுவிடும், ஏனென்றால் வழியின் உச்சமே 600. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடத்தில் ஓடும் என்விஎம்இ 3,500 வரை போகும். இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பத்திரிகை அடிக்கும் சித்தப்பாவுக்கு 3,500 தேவையே இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் தெரிகிற வித்தியாசம்தான் பெரிது. சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் நடுவே உள்ளதை அவர் கடையில் ஸ்டாப்வாட்ச் வைத்தால்தான் கண்டுபிடிக்கலாம். ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது கடைக்காரர் சொன்னதை வாங்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“சரி, இவன் கிடைச்சுட்டான். பழையவன் எங்க?”

அதுதான் இரண்டாவது ‘காட்டல’. ஹார்டு டிஸ்க் நிஜமாகவே காணவில்லை. சாட்டா பக்கத்தில் இருக்க வேண்டியது, இல்லை. கையை வைத்துப் பார்த்தால் டிஸ்க் சுற்றுகிறது, லேசான அதிர்வு தெரிகிறது. மின்சாரம் போகிறது, தகவல் வரவில்லை. கேபிளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தேன். போர்டில் அது சொருகியிருந்த இடம், போர்ட் 6. கேபிள் மடங்காமல் வசதியாகப் போகிறதே என்று எந்தக் காலத்திலோ யாரோ அங்கே சொருகியிருக்கிறார்கள்.

ஃபோனில் அந்த போர்டின் கையேட்டை இறக்கினேன். எம்.2 பற்றிய பக்கத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், ஒரு அட்டவணை: எம்.2-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா 5, 6 இயங்காது.

காரணம் இதுதான். சிப்செட்டிலிருந்து வெளியே வரும் அதிவேகத் தடங்கள் எண்ணி வைத்தவை. அவற்றில் சிலவற்றை சாட்டாவாகவும் பயன்படுத்தலாம், பிசிஐ எக்ஸ்பிரஸாகவும் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டாகவும் ஒரே நேரத்தில் முடியாது. போர்டு செய்கிறவர்கள் விலையைக் குறைக்க அதே தடங்களை எம்.2-க்கும் இரண்டு சாட்டா முனைகளுக்கும் பொதுவாக இழுத்துவிடுகிறார்கள். பட்டை உள்ளே போனதும் தடம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். எல்லா போர்டிலும் இப்படி அல்ல. எந்த போர்டில் எந்த எண் அடைபடும் என்பதும் மாறும். சிலவற்றில் சாட்டா வகை எம்.2 போட்டால் போர்ட் 1 போகும், பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை போட்டால் ஒன்றும் போகாது. அந்த அட்டவணையைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

சித்தப்பாவிடம் தடம், சிப்செட் என்றெல்லாம் சொல்லவில்லை. “ஒரே வாய்க்கால்தான் சித்தப்பா. எம்.2 பக்கம் திறந்தா அஞ்சுக்கும் ஆறுக்கும் அடைப்பு” என்றேன்.

மூன்று மா குறுவையும் சம்பாவும் பார்த்த மனிதர். ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். “முறைத் தண்ணியா?”

“முறைன்னா அடுத்த வாரம் நமக்கு வரும். இது வராது. அந்தப் பட்டை அங்க இருக்கிற வரைக்கும் அடைப்புதான்.”

“அப்ப கடைமடைக்காரன் கதி” என்றார். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு மூன்றிலும் ஒரே நேரத்தில் ஓடும், அளவுதான் கூடக் குறைய. சிப்செட்டில் அந்தக் கருணை இல்லை. ஷட்டர் ஒரு பக்கம் முழுசாகத் திறக்கும், மறுபக்கம் முழுசாக மூடும்.

கேபிளை 6-இலிருந்து பிடுங்கி 2-இல் சொருகினேன். கொஞ்சம் இழுத்து மடக்க வேண்டியிருந்தது. ஆன் செய்து பார்த்தால் இரண்டாவது வரியில் ஹார்டு டிஸ்க். பன்னிரண்டு வருடக் கல்யாணங்களும் திரும்பி வந்தன. சித்தப்பா வெளியே போய் இன்னொரு டீ சொல்லிவிட்டு வந்தார். போர்டு மாற்றச் சொன்ன தம்பியைத் திட்டுவாரோ என்று பார்த்தேன், திட்டவில்லை. நானும் திட்ட மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து கேபினட் பிரிக்கிற பையனுக்கு எந்தக் கையேட்டைப் படிக்க நேரம் இருக்கிறது?

அந்தச் சாட்டா பக்கத்திலேயே இருந்தபோது சித்தப்பா ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். ஒவ்வொரு போர்ட்டுக்கும் கீழே ‘சாட்டா டிவைஸ் டைப்’ என்று ஒன்று. அதில் இரண்டே தேர்வு: ‘ஹார்டு டிஸ்க் டிரைவ்’, ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’. அவருடைய 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு நேரே ‘ஹார்டு டிஸ்க் டிரைவ்’ என்று போட்டிருந்தது.

“இத்தனை வருஷமா இது தப்பாவே இருந்திருக்கு பாரு. அதான் ஸ்லோ.”

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். என் வீட்டு இயந்திரத்தில் இதைக் கண்டவுடன் புதையல் கிடைத்த மாதிரி மாற்றினேன். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்தேன். ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. ஏன் இல்லை என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது: இந்த வரியில் இருப்பது பயாஸ் கண்டுபிடித்த விடை இல்லை, அது நம்மிடம் கேட்டு வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பு. யாரும் மாற்றாவிட்டால் ஆலையில் வைத்த ‘ஹார்டு டிஸ்க்’ என்பதே நிற்கும், உள்ளே எஸ்எஸ்டி இருந்தாலும். நிஜமான விடை டிஸ்க்கிடமிருந்தே வருகிறது. சாட்டா டிஸ்க்கைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்டால், 512 பைட்டில் ஒரு ஜாதகம் அனுப்பும்: பெயர், வரிசை எண், கொள்ளளவு எல்லாம். இரண்டிரண்டு பைட்டாக எண்ணினால் அதில் 217-ஆவது கட்டத்தில் ‘நான் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுவேன்’ என்று இருக்கும். சாதாரண ஹார்டு டிஸ்க் 7200 என்றோ 5400 என்றோ எழுதும். எஸ்எஸ்டி 1 என்று எழுதும். ஒரு சுற்று என்று பொருளில்லை, ‘நான் சுற்றுவதில்லை’ என்பதற்கு வைத்த அடையாளம் அது. விண்டோஸ் அந்த ஜாதகத்தைத்தான் பார்க்கிறது, பயாஸில் நாம் எழுதி வைத்ததை அல்ல. சந்தேகமிருந்தால் விண்டோஸில் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று தேடித் திறந்து பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்று சரியாகவே எழுதியிருக்கும்.

சித்தப்பா திருப்திப்படவில்லை. “இருந்தாலும் சரியா இருக்கட்டும்” என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். பத்திரிகையில் பெயர் தவறாக இருந்தால் சும்மா விடாத கை அது.

ஆனால் அதே பக்கத்தின் உச்சியில் இருக்கும் ‘சாட்டா மோட்’ என்ற வரி அப்படிச் சாதுவானது அல்ல. டிஸ்க்கோடு எந்த மொழியில் பேசுவது என்பதற்கு ஐடிஇ (ஏஹெச்சிஐக்கும் முந்தைய பழைய மொழி), ஏஹெச்சிஐ, ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டுவது) என்று இருக்கும் (புதிய போர்டுகளில் ஐடிஇ இல்லை). இதைத் தெரியாமல் தொட்டால் அடுத்த நிமிடம் நீலத் திரை. எனக்கும் இதற்கும் பழைய பகை.

இந்த இயந்திரத்துக்கு முன்னால் சித்தப்பாவிடம் எச்61 என்ற பழைய சிப்செட் போர்டு ஒன்று இருந்தது. அந்தத் தலைமுறைக் கணினிகளை அசெம்பிள் செய்தவர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு ஐடிஇ என்று வைத்துவிடுவார்கள். காரணம், விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ பேச வராது. தனியாக டிரைவர் கொடுக்காவிட்டால் இன்ஸ்டால் நடுவிலேயே விழுந்துவிடும். எக்ஸ்பி போய் விண்டோஸ் 7 வந்த பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. நான் அதில் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ஏஹெச்சிஐக்கு மாற்றி, விண்டோஸ் 10-ஐப் புதிதாகவே ஏற்றிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது, 2018 நவம்பர் 16 வரை.

அன்று அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியது. தென்னை, மின்கம்பம், கூரை எல்லாம் போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சித்தப்பா கடைத் தெருவுக்கு மூன்று வாரம் கழித்து மின்சாரம் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் நீலத் திரை. புயலில் போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டினோம். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1.

விஷயம் போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அந்தப் பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. மூன்று வாரம் முழு இருட்டில் அது மட்டுமே கடிகாரத்தையும் அமைப்புகளையும் தாங்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஆறு வருடக் கிழம், உயிரை விட்டுவிட்டது. மின்சாரம் வந்தபோது பயாஸ் தன் பிறந்த நாளுக்கே திரும்பிப் போயிருந்தது. அந்த போர்டின் பிறவிக் குணம் ஐடிஇ. ஏஹெச்சிஐயில் பிறந்த விண்டோஸ் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழுந்தது. மறுபடி ஏஹெச்சிஐ என்று மாற்றி, புதுப் பேட்டரி போட்டதும் ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்துவிட்டது. டெல்டாவில் மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் ஒரு கணினி திறக்க மறுக்கிறது என்றால், எஸ்எஸ்டியைச் சந்தேகப்படும் முன் பயாஸில் தேதியைப் பாருங்கள்.

தெரிந்தே மாற்ற வேண்டியிருந்தால் வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இல் அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி வைத்துவிட்டு, பயாஸில் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் அது தேவையான டிரைவரைத் தானே தேடிக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம்.

சரி, தை மாதக் காலைக்கு வருகிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, பழைய 240 ஜிபியில் இருந்த விண்டோஸை அப்படியே புது என்விஎம்இக்குப் பிரதி எடுத்தேன். இருபது நிமிடம். மறுபடி ஆன் செய்து, எதிலிருந்து கணினி எழும்ப வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையைத் திறந்தால் மூன்றாவது ‘காட்டல’. என்விஎம்இ பக்கத்தில் ஆள் இருக்கிறான், பூட் வரிசையில் இல்லை.

“மறுபடியும் ஓடிட்டானா?” என்றார் சித்தப்பா.

இது வேறு. பூட் வரிசை என்பது டிஸ்க்குகளின் பட்டியல் என்று நாம் நினைக்கிறோம். பழைய பாணியில் அப்படித்தான்: டிஸ்க்கின் முதல் துண்டில் ஒரு சின்ன நிரல் இருக்கும், பயாஸ் அதை எடுத்து ஓட்டும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புதிய பாணியான யூஇஎஃப்ஐயில் அது டிஸ்க்கைப் பட்டியலிடுவதில்லை, டிஸ்க்குக்குள் போய்ப் பார்த்து, அங்கே இருக்கும் பூட் கோப்பைப் பட்டியலிடுகிறது. அதனால்தான் சில இயந்திரங்களில் எஸ்எஸ்டியின் பெயருக்குப் பதிலாக ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று வருகிறது. நிறையப் பேர் அதை ஏதோ வைரஸ் என்று நினைத்து வரிசையில் கீழே தள்ளிவிட்டு, பிறகு விண்டோஸ் வரவில்லை என்று அழுகிறார்கள்.

சித்தப்பாவின் விண்டோஸ் பழைய பாணியில், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர் முறையில் ஏற்றியது. போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய பாணி ஒத்துழைப்பு ஆன் செய்திருந்தது. சாட்டா எஸ்எஸ்டிக்கு அது போதும். என்விஎம்இக்குப் போதாது, ஏனென்றால் பழைய பாணியில் எழும்புவதற்கான சொந்த நிரலோடு வரும் என்விஎம்இக்கள் மிகச் சில. மற்றவை யூஇஎஃப்ஐ வழியாக மட்டும்தான் எழும். எனவே பிரதி சரியாக இருந்தும் எழுப்ப ஆளில்லை.

விண்டோஸ் 10-இல் 2017-இலிருந்தே இதற்கு ஒரு கருவி உள்ளேயே இருக்கிறது, எம்பிஆர்-டு-ஜிபிடி. பழைய 240 ஜிபியில் எழுந்து, தகவலை அழிக்காமல் அதன் பிரிவுமுறையை, யூஇஎஃப்ஐக்கு ஏற்ற புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றினேன். (அதற்கு முன் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்தேன். எடுக்காமல் செய்பவர்கள் தைரியசாலிகள்.) பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்தேன். பழையதிலிருந்தே ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று வந்தது. பிறகு மறுபடி பிரதி எடுத்து, பழையதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். புதியதில் எழுந்தது. இந்த வேலையின் வரிசை முக்கியம்: நான் முதலில் பிரதி எடுத்துவிட்டுப் பிறகு யோசித்தேன், இருபது நிமிடம் வீண்.

நான்காவது வகை ‘காட்டல’ ஒன்றும் உண்டு, அது அன்று நடக்கவில்லை. தஞ்சாவூரில் படிக்கும் அக்கா மகள் போன வருடம் கூப்பிட்டாள். “மாமா, பயாஸ்ல எஸ்எஸ்டி பேரோட இருக்கு. விண்டோஸ் போடப் போனா டிஸ்க்கே இல்லைங்குது.” சித்தப்பாவுக்கு நேர் எதிர். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும். அது என்விஎம்இக்கு முன்னால் ஒரு திரை போட்டு நிற்கிறது. அந்தத் திரையைத் தாண்டத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பெரும்பாலும் இருப்பதில்லை. விஎம்டியை பயாஸில் அணைக்கலாம், அல்லது இன்டெலின் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு ‘லோடு டிரைவர்’ என்ற இடத்தில் காட்டலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அணைத்துவிடாதீர்கள், எழாது. பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியும் கேட்கும், அது எங்கே இருக்கிறது என்று அப்போது தேட வேண்டியிருக்கும்.

எஸ்எஸ்டியின் ஒரு செல்லில் மூன்று பிட்டா நான்கு பிட்டா, தனி டிரேம் (அதற்கென்றே ஒரு சின்ன நினைவகம்) உண்டா இல்லையா என்பதெல்லாம் பயாஸில் எங்கும் வராது. விலை குறைந்த எஸ்எஸ்டிகளுக்கும் நல்லவற்றுக்கும் நடுவே உள்ள நிஜமான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, பயாஸுக்கு அது தெரியவே தெரியாது. மாடல் எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து விண்டோஸ் திறந்தபோது சித்தப்பா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

“500-ன்னு காசு வாங்குனான். 465-தான் காட்டுது. 35 எங்க?”

“ஒரு வேலி நிலம்னா எத்தனை ஏக்கர் சித்தப்பா?”

“ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. இருபது மா.”

“வேலின்னு சொன்னாலும் ஏக்கர்னு சொன்னாலும் நிலம் அதேதானே. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா அளக்கிறான். விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலா அளக்குது. ரெண்டு பேரும் ஜிபின்னே சொல்றாங்க.”

“அளவு வேற, பேரு ஒண்ணுன்னா அது ஏமாத்துதான்” என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஏதோ பத்திரிகை என்று நினைத்தேன். மிச்சமான மஞ்சள் அட்டை ஒன்றில் அச்சடித்து, கேபினட்டின் உள்பக்கத்தில் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் பூவேலை. நடுவில், முகூர்த்த நேரம் போடும் அதே எழுத்தில்:

எம்.2 போட்டிருக்கிறது. அஞ்சிலும் ஆறிலும் எதையும் சொருகக் கூடாது.